வாசலோரக் கவுன்டர்

நோராவிடம் கேமரா வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தால் அது இன்னொரு லென்ஸ் வாங்கத்தான் இருக்கும். குறை சொல்ல வந்தவர்கள் என்று பதினான்கு வருஷத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெங்களூர் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற பத்ரிநாத்தின் கேமராக் கடையில், அவள் பேரைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறவர்கள் உண்டு. "நோரா மேடம் இருக்காங்களா?" என்று அவர்கள் கேட்கும்போது, கேட்காததுபோல் குனிந்து ஏதாவது ஒரு பெட்டியைத் துடைப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அவளுக்கு இப்போது நாற்பத்தோரு வயசு. பிறந்தது கே.ஜி.எஃப். தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கத்தை மூடியபோது அவளுக்குப் பதினேழு. படிப்பை பி.யூ.சி.யோடு நிறுத்திவிட்டு, விடியற்காலை ரயிலில் நின்றபடியே பெங்களூருக்கு வந்து, பிலிம் கழுவும் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர்க்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் அவள் கைவழியாகத்தான் காகிதத்தில் இறங்கின. டிஜிட்டல் வந்ததும் லேப் படுத்துவிட்டது. பத்ரிநாத்தின் கடைக்கு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக் ஆண்ட்ரூவைக் கல்யாணம் செய்துகொண்டு அல்சூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினாள். மகள் ஸ்னேஹா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

புதுசாகக் கேமரா வாங்க வருகிறவர்களுக்கு நோரா சொல்லும் விளக்கம் கடையில் பிரசித்தம். டி.எஸ்.எல்.ஆர். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அதுதான் மேலே உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அமுக்கினால் கண்ணாடி எழும்பி வழிவிடும், படம் பதியும், மறுபடி டக்கென்று விழும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. படம் எப்படி வரப்போகிறதோ அதை முன்கூட்டியே திரையில் பார்த்துவிடலாம். எடை கம்மி. ஆனால் எந்நேரமும் திரை எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். டி.எஸ்.எல்.ஆருக்குப் பழைய லென்ஸ்கள் கொட்டிக் கிடக்கின்றன; மிரர்லெஸ்ஸுக்கு அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. இதைச் சொல்லிவிட்டுக் கேட்பாள்: "யாருக்கு, எங்க வெச்சு எடுக்கப் போறீங்க, எவ்ளோ நேரம் தூக்கிட்டு நடப்பீங்க?" பதிலைக் கேட்டதும் அவள் கை தானாக ஒரு பெட்டியை எடுக்கும். அநேகமாக அது சரியாகவே இருக்கும். பொய் சொல்லி ஒரு பொருளைத் தள்ளியதில்லை என்பது அவளுடைய பெருமை.

போன வருஷம் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் பத்ரிநாத் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் தும்கூர்ப் பக்கத்துக்காரர். கடைக்கு வருகிற கூட்டத்தோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"இந்த டி.எஸ்.எல்.ஆர். அஞ்சு பாக்ஸு பாக்கி நின்னுடுச்சு. கம்பெனிக்காரன் இதுல புது மாடல் விடறதையே நிறுத்திட்டான். பூஜைக்குள்ள காலி ஆகணும், கொத்தா, தெரியுதா?" என்றார். பிறகு நோராவைப் பார்த்துச் சொன்னார்: "ஓசூர் பக்கம் அத்திபெலேல பிராஞ்ச் போடறேன். அங்க எல்லாம் தமிழ் ஜனம். ரகு இல்லாட்டி நீ, ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இன்சார்ஜ். பாக்கறேன், யாரு கை ராசின்னு."

ரகு அவளைவிட ஏழு வயசு சின்னவன். அவளிடமே தொழில் கற்றவன். முதல் வாரத்தில் இரண்டு பெட்டியை விற்றுவிட்டான். நோராவும் இரண்டு விற்றாள். பாக்கி ஒன்று, இடது பக்க அலமாரியின் கீழ்த் தட்டில் தனியாகக் கிடந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம் தாரணி வந்தாள்.

முப்பத்தைந்து வயசு இருக்கும். கோரமங்கலாவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெள்ளைக் கோட்டை மடித்துக் கைப்பையில் செருகியிருந்தாள். சொந்த ஊர் தருமபுரி, குடியிருப்பது ஈஜிபுராவில். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்குங்க. தர்ஷினின்னு பேரு, ஒம்பது வயசு. பேச மாட்டா. ஆனா போட்டோ எடுப்பா."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்லீங்க. என் பழைய போனை எடுத்து அவளாவே எடுக்க ஆரம்பிச்சா. ஃபேனு, கொழாத் தண்ணி, மாடியில காயற துணி. ஒரே துணியை அம்பது தடவ எடுப்பா. இப்ப அந்த போன்ல லென்ஸ் மேல இருக்கற கண்ணாடி கீறிப்போச்சு. படம் மங்கலா வருது. பாவாடையால தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டு அழறா. புது போன் குடுத்தா வீடியோவுல போயிடறா. அவ ஸ்கூல் டீச்சர்தான் சொன்னாங்க, கேமரா மட்டும் தனியா வாங்கிக் குடுங்கன்னு."

நோராவுக்குத் தாரணியைப் பிடித்துப்போயிற்று.

"ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றாள் தாரணி. "சத்தம் வரக்கூடாது. மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திட்டுக் கட்டிலுக்குக் கீழ போயிடுவா. குக்கர் விசிலு வெச்சே நாங்க சமைக்கறதில்ல. போன்ல கிளிக் சத்தத்தை நிப்பாட்டிதான் வெச்சிருக்கோம்."

நோராவின் கை இடது பக்க அலமாரிக்குப் போனது. மேல் தட்டில் மிரர்லெஸ் இருந்தது. அதில் சத்தத்தை முழுக்க அணைத்துவிடலாம். நடுராத்திரி தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தாலும் குழந்தை புரளாது. தாரணி கேட்டது அதைத்தான். பேர் தெரியாமல் கேட்டாள், அவ்வளவே.

கை மேல் தட்டுக்குப் போகிற வழியில் கண் கீழ்த் தட்டைப் பார்த்தது. கடைசிப் பெட்டி. உள்கவுன்டரில் ரகு ஒரு காலேஜ் மாணவனிடம் டி.எஸ்.எல்.ஆரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவன் வந்து அந்தப் பெட்டியை எடுத்துவிடுவான்.

நோரா குனிந்து அதை எடுத்தாள்.

"இது புதுசா கத்துக்கறவங்களுக்கு ரொம்ப நல்ல கேமரா மேடம். பிடிச்சுப் பாருங்க, பிடி எப்படி இருக்கு! கொழந்தை கையிலேர்ந்து நழுவாது. பேட்டரி ஒரு தடவ சார்ஜ் போட்டா நாலு நாளு வரும்."

"என் கூட வேலை பாக்கறவரு மிரர்லெஸ்னு ஏதோ சொன்னாருங்க."

"அதுவும் இருக்கு. ஆனா அதுல பேட்டரி சீக்கிரம் தீந்துடும். அவ ஆசையா எடுத்துட்டு இருக்கறப்ப நடுவுல நின்னுபோச்சுன்னா கஷ்டம் இல்லையா?"

தாரணி யோசித்தாள். "ஆமாங்க, நின்னுபோனா அழுவா. அப்ப சத்தம்?"

"இதுல க்வயட் மோடுன்னு ஒண்ணு இருக்கு மேடம். அதுல வெச்சா சத்தம் கம்மி ஆயிடும்."

"ஒருதடவ அமுக்கிக் காட்றீங்களா?"

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஏ.சி.க்குக் கீழே இருந்த உள்கவுன்டரின் ஓரத்தில். ரகு பேச்சை நிறுத்திவிட்டால் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கும் அங்கே.

"வாங்க, வாசல் பக்கம் போயிடலாம். அங்க வெளிச்சம் நல்லாருக்கும்," என்றாள் நோரா.

பத்து அடி இருக்கும். பார்சல் இறக்குவதற்காகக் கண்ணாடிக் கதவைத் திறந்து, அட்டைப் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளியே சிக்னலில் வண்டிகள் முண்டியடித்தன. நோரா கேமராவை ஆன் செய்தாள், க்வயட் மோடில் வைத்தாள், தெருவைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். உடனே அமுக்கவில்லை. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்புகிற வரைக்கும் ஃபோகஸ் பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு அமுக்கினாள்.

தாரணியின் முகம் மலர்ந்தது. "கேக்கவே இல்லீங்களே!"

நோரா சிரித்தாள். பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பத்ரிநாத் மைசூர் பாக் வரவழைத்தார். "அத்திபெலே உன்னுது" என்றார். ரகு சிரித்துக்கொண்டே கைகொடுத்தான். வீட்டுக்குப் போகிற வழியில் நோரா ஆண்ட்ரூவுக்குப் பிடித்த மீன் வாங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் தூங்கிப்போனாள். பின்னால் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக அறுத்தது அதுதான்: அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

பதினோராம் நாள் தாரணி திரும்பி வந்தாள், கேமராவைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு. கோபமாக இல்லை. அசந்துபோயிருந்தாள்.

"பாப்பா ரொம்ப ஆசையா கையில வாங்கிக்கிட்டா," என்று ஆரம்பித்தாள். "பொட்டியை அவளே பிரிச்சா. வாரைக் கழுத்துல மாட்டிவிட்டேன். ரெண்டு நாளு எடுக்கவே இல்ல, கண்ணுல வெச்சு வெச்சுப் பாத்தா. சிரிச்சா. நான் அவ அப்பாவுக்குப் போன் பண்ணி, பாருங்க சிரிக்கறான்னு சொன்னேன். மூணாம் நாளு மாடிக்குப் போனோம். சிவப்பு துப்பட்டா ஒண்ணு காத்துல ஆடிட்டு இருந்துச்சு. மூஞ்சிகிட்ட வெச்சு அமுக்குனா."

நோரா அவளைப் பார்க்கவில்லை. பையின் நாடாவைப் பார்த்தாள்.

"சத்தம் பெருசா ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கும் எனக்கும் அது சத்தமே இல்ல. ஆனா அவ கன்னத்துலயே வெச்சு எதையோ தட்டுன மாதிரி ஆயிடுச்சு போல. தூக்கிப் போடுவான்னு நெனச்சேன். போடல. மெதுவாத் தரையில வெச்சா. வெச்சுட்டு ரெண்டு காதையும் பொத்திட்டு உக்காந்தா. மூணு மணி நேரம் எழுந்திருக்கல. வெயில்ல குடை பிடிச்சுட்டு நான் பக்கத்துலயே நின்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் எதையும் எடுக்கறதில்ல. பழைய போனையும் தொட மாட்டேங்கறா. நான் என் போனைக் கையில எடுத்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கறா." தாரணி மூச்சு வாங்கினாள். "இந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கொறைக்க வழி இருக்குங்களா?"

வழி இல்லை. உள்ளே கண்ணாடி இருக்கிற வரைக்கும் அது எழும்பத்தான் செய்யும். நோரா அதைச் சொன்னாள். தாரணி தலையாட்டினாள். பிறகு, நோராவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துவிட்டு, அவளே சமாதானம் சொன்னாள்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும். நீங்க பொறுமையா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னீங்க. என் தலையெழுத்து."

பத்ரிநாத் கல்லாவிலிருந்தே சொல்லிவிட்டார்: பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது, போர்டிலேயே போட்டிருக்கிறது. தாரணி எதிர்த்துப் பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். "மேடம்" என்று கூப்பிட நோரா வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து ஒரு பெட்டியைத் துடைத்தாள்.

அதன் பிறகு நோராவுக்குக் கடையில் ஒவ்வொரு கிளிக்கும் காதில் விழ ஆரம்பித்தது. நாள் முழுக்க யாராவது எதையாவது அமுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அத்தனை வருஷமாக அவள் கேட்டும் கேட்காத சத்தம் அது. இப்போது ஒவ்வொரு முறையும் தோள் குலுங்கியது. வாசலோரக் கவுன்டரில் நிற்கவே பிடிக்கவில்லை. "ஏங்க்கா, உள்ளயே உக்காந்துக்கறீங்க?" என்று ரகு கேட்டபோது இடுப்பு வலி என்றாள்.

ஆண்ட்ரூவிடம் பாதி சொன்னாள். ஒரு கஸ்டமருக்குத் தப்பான கேமராவைக் கொடுத்துவிட்டேன் என்று. அவன் தோசையைப் பிய்த்தபடி கேட்டான்.

"பொய் சொல்லி வித்தியா?"

"இல்ல."

"அப்பறம் என்னா? கேட்டதுக்குப் பதில் சொன்ன. அவங்க பாத்துதானே வாங்குனாங்க? சும்மா மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

வாசல் பக்கம் நடந்த பத்து அடியை அவனிடம் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அவன் வாயால் கேட்டபோது, தன் பெருமை இத்தனை வருஷமாக எப்படிப்பட்ட பெருமையாக இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையை மட்டும் எடுத்து அடுக்கியே ஒருத்தியை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். அவள் அதில் கெட்டிக்காரி.

கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்த மிரர்லெஸ் ஒன்று இருந்தது. அதைத் தன் காசுக்குத் தானே எடுத்துக்கொள்வதாகப் பத்ரிநாத்திடம் சொன்னாள். பில்லில் இருந்த நம்பரைப் பார்த்துத் தாரணிக்குப் போன் செய்து விலாசம் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே ஈஜிபுராவுக்குப் போனாள்.

சந்துக்குள் சந்து. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, சின்ன சமையல்கட்டு. கதவைத் திறந்த தாரணி மலைத்துப்போய் நின்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் நோரா வந்திருந்தாள். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூடச் சேர்த்துவைத்திருந்தாள். தாரணி பாயை உதறி விரித்து, "உக்காருங்கக்கா" என்றதும் அவை எல்லாம் கலைந்துபோயின. வாயில் வந்தது வேறு.

"கம்பெனில எக்ஸ்சேஞ்ச் ஸ்கீம் ஒண்ணு போட்டிருக்காங்க. உங்க கேமராவைக் குடுத்துட்டு இதை வெச்சுக்கலாம். இதுல சுத்தமாச் சத்தம் வராது."

தாரணிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம இதுக்குன்னு வந்தீங்களா? யாருங்க இப்படிச் செய்வாங்க?" காபி போட எழுந்து போனாள். பாலைக் காய்ச்சும்போது கரண்டி பாத்திரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

தர்ஷினி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நீளக் கழுத்துப் பெண். நோரா கொஞ்ச தூரம் தள்ளியே உட்கார்ந்து, பையிலிருந்து மிரர்லெஸ்ஸை எடுத்துத் தரையில் வைத்தாள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கருப்பு உடம்பு, வட்ட லென்ஸ், தொங்குகிற வார். நூல்கண்டு கையிலிருந்து உருண்டது. இரண்டு உள்ளங்கையும் காதுகளுக்குப் போயின. கட்டிலுக்கு அடியில் நுழைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கேமரா அணைந்துதான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இரண்டு ஞாயிறும் நோரா போனாள். ஒவ்வொரு தடவையும் தாரணி அவளை இன்னும் பிரியமாக வரவேற்றாள். கீழ்வீட்டுப் பெண்ணிடம் "எங்க அக்கா" என்று அறிமுகம் செய்தாள். நோராவைப் பார்த்ததும் பிள்ளை கட்டிலடிக்குப் போவது மட்டும் மாறவில்லை.

மூன்றாவது ஞாயிறு, தாரணி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நோராவும் ஒரு கைப்பிடி எடுத்து உரித்தாள். அப்போதுதான் சொன்னாள்.

"தாரணி, அன்னிக்குக் கடையில உங்களை வாசல் பக்கம் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா?"

"ஆமா, வெளிச்சம் நல்லாருக்கும்னு."

"வெளிச்சத்துக்கு இல்ல. உள்ளாற அமுக்குனா சத்தம் கேட்டுடும். வெளிய வண்டிச் சத்தத்துல கேக்காது. பஸ் வர்ற வரைக்கும் காத்திருந்து அமுக்குனேன்."

தாரணியின் கை நின்றது. உரித்த காயைத் தட்டில் வைத்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"குக்கர்கூட வெக்கறதில்லன்னு நான் சொன்னதுக்கு அப்பறம்?"

"ஆமா. அந்த ஒரு பெட்டிய வித்தா எனக்குப் புதுக் கடையில பொறுப்பு கெடைக்கும். சத்தமில்லாத கேமரா தலைக்கு மேலயே இருந்துச்சு. எடுக்கப் போனேன். எடுக்கல."

"இந்த எக்ஸ்சேஞ்சு?"

"அப்படி ஒண்ணும் இல்ல. நானே கொண்டாந்தது."

தாரணி எழுந்து நின்றாள். அவரைக்காய்த் தட்டு சரிந்தது, அதைக் கவனிக்கவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் குரலை உயர்த்த முடியாது.

"போன வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணேங்க. நோராவான்னு அய்யரு ரெண்டு தடவ கேட்டாரு. நட்சத்திரம் கேட்டாரு, தெரியாதுன்னேன். எம்பொண்ணுக்குக்கூட நான் பண்ணல அன்னிக்கு. உங்களுக்குப் பண்ணேன்."

"தாரணி..."

"மூணு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தா. அவளை நான் தொடக்கூட முடியாது அப்ப. தொட்டா இன்னும் பயந்துப்பா." கதவைத் திறந்து பிடித்தாள். "போங்கக்கா."

"கேமரா..."

"அது பாப்பாவோடதுன்னா வெச்சுட்டுப் போங்க. நீங்க மட்டும் போங்க."

படியிறங்கும்போது நோராவுக்கு ஒன்று புரிந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். இறங்கவில்லை. அதில் ஒரு பங்கைத் தூக்கித் தாரணியின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நம்புவதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு அக்கா இருந்தாள்; இப்போது அதுவும் இல்லை.

அத்திபெலேக் கிளை திறக்கவேயில்லை. இடத்துக்காரரோடு பேச்சு முறிந்துபோயிற்று. பத்ரிநாத் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நோரா பழைய இடத்திலேயே பழைய வேலையைப் பார்த்தாள். ஒன்று மட்டும் மாறியது. யாராவது கேமராவைப் பார்க்கக் கேட்டால் உள்கவுன்டருக்கே கூட்டிப்போனாள். கதவை மூடச் சொல்லி, அமுக்கிக் காட்டினாள். இது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னாள். சிலர் வாங்காமலே போனார்கள். "ஏன்ம்மா, யாவாரத்தைக் கெடுக்கறே?" என்று பத்ரிநாத் முணுமுணுத்தார். இப்படிச் செய்வதால் நடந்தது நேராகிவிடும் என்று நோரா நினைக்கவில்லை. வேறு மாதிரி செய்ய அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். தாரணியின் நம்பரை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

மார்ச் மாசத்தில் ஒரு நாள், பதினொரு மணி வாக்கில், தாரணி கடைக்குள் வந்தாள். நோரா கவுன்டருக்குப் பின்னால் எழுந்து நின்றாள். தாரணி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ரகுவிடம் போனாள்.

"மெமரி கார்டு ஒண்ணு வேணுங்க. பழசு நெறைஞ்சுபோச்சு."

நெறைஞ்சுபோச்சு. நோரா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரகு கார்டை எடுத்துக் கொடுத்தான். தாரணி அதைப் பர்ஸில் வைத்தாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்து நோராவின் எதிரில் நின்றாள்.

"எடுக்கறா," என்றாள். "பொங்கல் முடிஞ்சதிலேருந்து."

"எப்படி?"

"நானே எடுத்தேன். தெனமும் அவளுக்கு எதிர்ல உக்காந்து. சுவரை எடுத்தேன், சொம்பை எடுத்தேன், என் காலை எடுத்தேன். சத்தம் வராதுன்னு அவளுக்குத் தெரியணுமில்ல? மொதல்ல கட்டிலுக்குக் கீழேருந்து பாத்தா. அப்பறம் வெளிய வந்து பாத்தா. நாப்பது நாளு ஆச்சு. வேலைக்குப் போயிட்டு வந்து, தூக்கம் சொக்கும், அப்பவும் எடுத்தேன்."

நோராவின் கண் நிரம்பிவிட்டது. "நான் வந்து கூட உக்காந்திருப்பேன் தாரணி. சொல்லியிருந்தா..."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

ரகு இவர்களைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தான். தாரணியின் கைப்பை வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு தபால் உறை. அதிலிருந்து ஒரு போட்டோவின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நீலம் தெரிந்தது. வானமோ, துணியோ.

"பாக்கலாமா?" என்று நோரா கேட்டாள்.

தாரணி உறையை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

"வேணாங்க."

அதில் வெறுப்பு இல்லை. ஒரு சாமானை அதன் இடத்தில் வைப்பதுபோல் சொன்னாள். பிறகு, "அவ எடுக்கறான்னு உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு. அதான் வந்தேன். வரேன்," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

நோரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரகு பக்கத்தில் வந்து நின்றான்.

"யாருக்கா அது? தெரிஞ்சவங்களா?"

"நான் ஏமாத்துனவங்க," என்றாள் நோரா.

ரகு சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கடைசிப் பெட்டி யாருக்கு, எப்படிப் போனது என்று அவனுக்கு அப்போது அவள் சொன்னாள், வாசலோரக் கவுன்டரையும் பஸ்ஸையும் விடாமல். அதைக் கேட்டபடி பத்ரிநாத்தும் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆண்ட்ரூவிடமும் முழுசாகச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அவள் எதிர்பார்த்த சமாதானத்தைச் சொல்லவில்லை. "அந்தக் கொழந்தை நல்லாருக்கட்டும்," என்று மட்டும் சொன்னான். நோரா சரி என்று தலையாட்டிவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள்.